பொன்னாடையும் மெமோவும்

மைக்கைப் பிடித்துக்கொண்டு ரத்னா பேசப் பேச, மேடை நடுவில் உட்கார்ந்திருந்த டெப்போ மேனேஜரின் முகத்திலிருந்த சிரிப்பு வற்றிக்கொண்டே வந்தது. முதலில் கழுத்திலிருந்த சம்பங்கி மாலையைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு பாதி குடித்த ரோஸ்மில்க்கைக் கீழே வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

சிட்லபாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எண்பதுகளின் பின்பாதியில் ஏதோ ஒரு வருஷம். சீரியல் பல்பு ஒவ்வொன்றையும் ஏரியிலிருந்து வந்த பூச்சிகள் மொய்த்தன. மைக் நடுநடுவே கீச்சிட்டது.

அன்றைய விழா நாயகர்களில் ஒருவரான கண்டக்டர் ஞானப்பிரகாசம் மெதுவாக மேடையிலிருந்து நழுவி என்னிடம் வந்தார். தோளில் பொன்னாடை. நெற்றியெல்லாம் வியர்வை.

"அக்கா, போதும்னு சொல்லுக்கா. இன்னும் ரெண்டு பேரு இப்டிப் புகழ்ந்தாங்கன்னா நாங்க யூனிபாரத்தக் கயட்டிக் குடுத்துட்டு வூட்டுக்குத்தான் போவணும்."

எனக்குப் புரியவில்லை. புகழ்ந்தால் ஒரு மனிதருக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?

போன வாரம் இந்தத் தொடரில் தண்ணீர் லாரிச் சண்டைகளை எழுதியதைப் படித்த வாசகர் ஒருவர், 'உங்கள் ஏரியாக்காரர்கள் சண்டை மட்டும்தான் போடுவார்களா, யாரையாவது பாராட்டியதுண்டா?' என்று கேட்டிருக்கிறார். பாராட்டினோம் ஐயா. மேடை போட்டு, மைக் வைத்துப் பாராட்டினோம். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் கேளுங்கள்.

ரயில் கட்சி, பஸ் கட்சி

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு கட்சிகள். என் கணவர் ரயில் கட்சி. தாம்பரம் - பீச் மின்சார ரயிலில் அவருக்கென்று ஒரு ஜன்னலோரம், ஒரு சீட்டாட்டக் கோஷ்டி, மடித்துப் படிக்க ஒரு பேப்பர். "உன் பஸ் ஒரு மாட்டு வண்டி. அதைவிடச் சீக்கிரம் நான் நடந்தே கிண்டிக்குப் போய்விடுவேன்" என்பார். ஒரு நாளும் நடந்ததில்லை.

நான் பஸ் கட்சி. ரயிலைப் பிடிக்க ஸ்டேஷன் வரை போக வேண்டும். மழைக்காலத்தில் அந்த வழியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஆபீஸில் போய் உட்கார்ந்தால் நாள் முழுக்கக் கால் சேற்று வாடை அடிக்கும். ஆம்பிளைகளுக்கென்ன, பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

அதனால்தான் எங்கள் தெருக்கள் வழியாக ஒரு பஸ் வேண்டும் என்று பயணிகள் நலச் சங்கம் தொடங்கினோம். தலைவர் வரதராஜன் சார். தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனு எழுதுவது அவருக்குக் காபி குடிப்பது மாதிரி. நான் இணைச் செயலாளர். வரவேற்புரை சொல்ல ஒரு பெண்மணி வேண்டும் என்பதால் கிடைத்த பதவி அது.

முதல் பஸ் வந்த காலையை மறக்கவே முடியாது. வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, ஆரத்தி சுற்றி, ஒரு கல்யாணத்துக்குச் செய்வதையெல்லாம் செய்தோம். பிறகு எல்லாரும் ஏறிக்கொண்டார்கள். கிண்டியில் ஒரு வேலையும் இல்லாதவர்கள், பட்டுப்புடவை கட்டியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், எல்லாரும். கிண்டியில் இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். என் கணவர்கூட ஏறினார். "சும்மா பார்க்கத்தான்" என்றார்.

ஏழுமலையும் ஞானப்பிரகாசமும்

அந்தப் பஸ்ஸுக்குப் பல டிரைவர்கள், கண்டக்டர்கள் வந்தார்கள், போனார்கள். நிலைத்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். டிரைவர் ஏழுமலை கூடுவாஞ்சேரிப் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர், பெரிய மீசை. ஞானப்பிரகாசம் கோவிலம்பாக்கம். பருமன். அந்த உடம்பை வைத்துக்கொண்டு நெரிசலில் எப்படி முன்னுக்கும் பின்னுக்கும் போய் வந்தார் என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

பஸ்ஸைத் திட்டாதவர் நாட்டில் உண்டா? பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள்கூடத் திட்டத்தான் எழுதுவார்கள். சரியாக ஓடும் பஸ்ஸைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுத மாட்டார்கள். எனக்கு அதில் எப்போதும் ஒரு கோபம் உண்டு. ஒரு மனிதர் விடிவதற்குள் எழுந்து, அத்தனை கனமான ஸ்டியரிங்கைத் திருப்பி, நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். இறங்கும்போது நாம் அவர் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

இவர்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் இருக்க முடியாது. புறப்படும் நேரத்தில் யாராவது தெருமுனையில் டிபன் பையோடு ஓடி வந்தால் ஏழுமலை இன்ஜினை உறுமவிட்டபடி காத்திருப்பார். "மெதுவா வாம்மா, வுயுந்து வெச்சா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்" என்று கத்துவார். ரயில்வே கேட் மூடியிருந்தால் இன்ஜினை அணைத்துவிடுவார். அந்த அமைதியில் மல்லிகைப்பூ வாசனையும் டீசல் வாசனையும் கலந்து வரும். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் சைக்கிளில் யார் பின்னாலாவது தொற்றிக்கொண்டு வந்து கேட்டில் ஏறிக்கொள்வார்கள்.

ரத்னா ஏறுவது டிரான்ஸ்பார்மர் பக்கத்தில். அவளுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம். இடது காலில் இரும்புப் பட்டை வைத்த காலிப்பர் போட்டிருப்பாள். கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அம்மாவும் அவளும் மட்டும்தான் வீட்டில், அவள் சம்பளம்தான் சோறு. அவள் வீட்டுக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூட ஸ்டாப், அந்தப் பக்கம் பிள்ளையார் கோயில் ஸ்டாப். இரண்டுமே அவள் காலுக்குத் தூரம். நடுவில் டிரான்ஸ்பார்மர். அங்கே ஸ்டாப் கிடையாது. ஆனால் ஏழுமலை நிறுத்துவார்.

ஞானப்பிரகாசம் இறங்கி அவள் பையை மட்டும் வாங்கிக்கொள்வார். கையைப் பிடித்துத் தூக்க மாட்டார். அது அவளுக்குப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். அவள் கம்பியைப் பிடித்துத் தானே ஏறி உட்காரும் வரை விசில் கொடுக்க மாட்டார். பஸ்ஸில் ஒருவரும் 'சீக்கிரம்' என்று முனகியதில்லை. அந்த விஷயத்தில் எங்கள் ஜனங்கள்மேல் எனக்குப் பெருமை உண்டு.

சிறப்பு விருந்தினர்

அவர்களுக்குப் பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தது நான்தான். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பொன்னாடை, கேடயம், மைக் செட், காராசேவு, ரோஸ்மில்க், எல்லாம் முடிவானது.

"சிறப்பு விருந்தினர் யாரு?" என்றார் வரதராஜன் சார்.

எங்கள் காலனிகளில் சிறப்பு விருந்தினர் இல்லாமல் விழாவே கிடையாது. பிள்ளையார் கோயில் குழாயடிக்குச் சிமென்ட் போட்டபோதுகூட ஒரு என்ஜினீயரை உட்கார வைத்தோம்.

"அவங்க டெப்போ மேனேஜரையே கூப்பிடலாம் சார்," என்றார் ஒருவர். "தன் ஆளுங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை அவர் காதுல விழட்டுமே."

எவ்வளவு நல்ல யோசனை! நாங்கள் எல்லாரும் கை தட்டினோம்.

விழாவில் வரதராஜன் சார்தான் முதலில் பேசினார். "நேரத்தைப் பெரிசா நினைக்காம, நமக்காக நிறுத்தி வெச்சு ஏத்திக்கிட்டுப் போற தங்க மனசு" என்றார். கை தட்டல். மேனேஜர் புன்னகையோடு தலையசைத்தார். அடுத்தவர் பாங்கில் வேலை பார்ப்பவர். ஏரி நிரம்பி மெயின் ரோட்டில் தண்ணீர் ஓடிய வாரத்தில், ஏழுமலை ரூட்டை விட்டு எங்கள் தெருவுக்குள் பஸ்ஸைத் திருப்பிய கதையைச் சொன்னார். "எங்க வூட்டு வாசல்லயே வந்து நின்னுது சார்! என் மிசஸ் செருப்புகூட நனையல!" பலத்த கை தட்டல். மேனேஜர் தலையசைப்பதை நிறுத்திவிட்டார்.

மூன்றாவதாகத்தான் ரத்னா. அவள் பெயர் நிகழ்ச்சி நிரலிலேயே இல்லை. தானாக எழுந்து வந்தாள். டிரான்ஸ்பார்மரைச் சொன்னாள், பையைச் சொன்னாள், காத்திருந்து கொடுக்கும் விசிலைச் சொன்னாள். "ஸ்டாப்பே இல்லாத எடத்துல எனக்காக ஒரு கவர்மென்ட் பஸ்ஸு நிக்குது" என்றபோது அவள் குரல் உடைந்தது. பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. என்னுடையதும்தான்.

மேனேஜர் பேனாவை எடுத்தது அப்போதுதான்.

அவர் பேச்சு ரொம்பச் சுருக்கம். "என் வேலையில இவ்வளவு விவரமா யாரும் எனக்கு எடுத்துச் சொன்னதில்லை" என்றார். நாங்கள் அதற்கும் கை தட்டினோம்.

"ஸ்டாப்பிங் இல்லம்மா"

அந்த வாரத்திலேயே பஸ்ஸில் வேறு டிரைவர், வேறு கண்டக்டர். நல்லவர்கள்தான், பயந்தவர்கள். தெருமுனையில் ஓடி வந்தவர்களை விட்டுவிட்டுப் பஸ் புறப்பட்டது. டிரான்ஸ்பார்மர் வந்தது. ரத்னா கையைத் தூக்கினாள்.

பஸ் நிற்கவில்லை.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று பஸ்ஸே கத்தியது.

"ஸ்டாப்பிங் இல்லம்மா," என்றார் டிரைவர், திரும்பாமலே. "நிறுத்திட்டுத்தானே அவங்க ரெண்டு பேரும் மெமோ வாங்கிக்கினு வேற ரூட்டுக்குப் போயிருக்காங்க. எனக்கும் புள்ளைங்க கீது."

நான் பிள்ளையார் கோயில் ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன். ரத்னா டிரான்ஸ்பார்மர் கம்பி வேலியைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றிருந்தாள். அழவில்லை. தூக்கிய கையை மட்டும் இறக்கியிருந்தாள்.

"இன்னிக்கு லீவு போட்டுடு ரத்னா, பார்த்துக்கலாம்."

"லீவெல்லாம் தீர்ந்து போச்சுக்கா. இனிமே லீவு போட்டா வேற ஆள் பார்த்துக்கறோம்னு எங்க கம்பெனி மேனேஜர் சொல்லிட்டாரு. தினம் ரிக்‌ஷாவுல போனா சம்பளத்துல பாதி அதுக்கே போயிடும்."

லீவு எப்படித் தீர்ந்தது என்று எனக்குப் புரியவில்லை. அவளைப்போல ஒழுங்காக வேலைக்குப் போகிறவள் எங்கள் பஸ்ஸிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டெப்போவில்

வரதராஜன் சார் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். அதிகாரிகளைப் பார்க்க வெறுங்கையோடு போக மாட்டார். நான், அவர், ரத்னா மூன்று பேரும் மேனேஜர் அறையில் நின்றோம். வெளியே பஸ்களைக் கழுவும் சத்தம். கிரீஸ் நாற்றம். அவர் மேஜையில் ஏற்கெனவே நாலைந்து எலுமிச்சம்பழங்கள் காய்ந்துபோய்க் கிடந்தன.

"மனிதாபிமான அடிப்படையில்..." என்று வரதராஜன் சார் ஆரம்பித்தார்.

"சார்," என்று மேனேஜர் கையைக் காட்டினார். "மாலை போட்டு, பக்கத்துல உட்கார வெச்சு, மைக்ல சாட்சி சொன்னது நீங்க. நான் காதைப் பொத்திக்கிட்டா உட்கார்ந்திருக்க முடியும்? கூட்டத்துல என் டிராபிக் இன்ஸ்பெக்டரும் இருந்தாரு. நாளைக்கு வேற பஸ்ல வேற ஒருத்தர் இஷ்டத்துக்கு நிறுத்தி, எவனாவது அடிபட்டா யாரைக் கேப்பாங்க?"

எனக்குக் கோபம் வந்தது. வரதராஜன் சார், ஏழுமலையின் நல்ல மனதைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார். விழாவில் பேசியதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னார். கடவுளே, இன்னும் என்னென்ன சாட்சி சொல்லப் போகிறாரோ என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அப்போது ரத்னா பேசினாள்.

"சார், அண்ணன் எனக்காக நிறுத்துனாரு. அவரு தெய்வம் மாதிரி. ஆனா அவருக்கு ஆஃப் வந்தா எனக்கும் ஆஃப்தான் சார். கையில காசிருந்தா ரிக்‌ஷா, இல்லன்னா லீவு. அவருக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நான்தான் வீட்டுல உட்கார்ந்தேன். என் லீவெல்லாம் அப்படித்தான் போச்சு."

வரதராஜன் சார் அவளைத் திரும்பிப் பார்த்தார். நானும்தான். அத்தனை வருஷம் ஒரே பஸ்ஸில் போனோம். வேறு டிரைவர் வந்த நாட்களில் டிரான்ஸ்பார்மரைத் தாண்டும்போது யாரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்ததில்லை. வீட்டில் ஏதாவது வேலை இருக்கும் என்று எல்லாரும் நினைத்திருப்போம். அவள் அங்கே கையைத் தூக்கக்கூட வருவதில்லை. வந்து பயனில்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நீங்க அவங்களுக்கு மெமோ குடுத்தது எனக்கு வருத்தம்தான் சார்," என்றாள் அவள். "அதைப் பத்திப் பேச இவங்க எல்லாரும் இருக்காங்க. எனக்கு யாரு ஓட்டினாலும் நிக்கற ஒரு ஸ்டாப்பிங் வேணும்."

மேனேஜர் அவள் நிற்பதை அப்போதுதான் கவனித்தார் போலிருக்கிறது. எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு வரதராஜன் சாரைப் பார்த்துக் கடுகடுத்தார்.

"நிழற்குடை கேட்டு எழுதியிருக்கீங்க. கூடுதல் டிரிப் கேட்டு எழுதியிருக்கீங்க. டைம்போர்டுல எழுத்து அழிஞ்சு போச்சுன்னுகூட எழுதியிருக்கீங்க. இதை ஏன் சார் ஒரு தடவைகூடக் கேக்கல?"

"கேக்க வேண்டியே வரல சார்," என்றார் வரதராஜன் சார், பாவம், உண்மையாகவே. "அதான் ஏழுமலை நிறுத்திட்டிருந்தாரே."

சைக்கிள் கேரியர்

ஸ்டாப் கேட்டால் உடனே வந்துவிடுமா? அளக்க வேண்டும், மேலே எழுத வேண்டும், மேலிருந்து கீழே வர வேண்டும். அதுவரை ரத்னாவின் வேலை?

வரதராஜன் சார் தன் சைக்கிளை எடுத்தார். தினமும் காலையில் அவள் வீட்டு வாசலுக்குப் போவார். கேரியரில் அவள் உட்கார்ந்துகொள்ள, காலிப்பர் போட்ட கால் ஒரு பக்கம் நீட்டியிருக்க, பிள்ளையார் கோயில் ஸ்டாப் வரை தள்ளிக்கொண்டே வருவார். ஓட்ட மாட்டார், பயம். அவருக்கும் வெட்கம், அவளுக்கும் வெட்கம். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். மழை வந்தால் நான் கூடவே குடை பிடித்துக்கொண்டு நடப்பேன். என் கணவர் ரயிலுக்குப் போகும் வழியில் அந்த ஊர்வலத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து என் பஸ்ஸை மாட்டு வண்டி என்று சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

ஒருநாள் மேனேஜரே பஸ்ஸில் ஏறினார். அறிவிப்பு ஒன்றும் இல்லை. கூட்டத்தில் எங்களோடு நசுங்கிக்கொண்டு நின்றார். பிள்ளையார் கோயில் ஸ்டாப்பில் ஜன்னல் வழியாக அந்தச் சைக்கிளைப் பார்த்தார். அவர் மனதுக்குள் என்ன ஓடியதோ, அந்த ஃபைல் அதற்கப்புறம் கொஞ்சம் வேகமாக நகர்ந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஏழுமலையும் ஞானப்பிரகாசமும் பின்னால் எங்கள் ரூட்டுக்கே திரும்பி வந்தார்கள். மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஏழுமலை சிரித்துவிட்டார். "பொன்னாடைய எம் பொண்ணு பாவாடையாத் தெச்சிக்கிச்சு. மெமோவ நான் வெச்சிக்கினேன். ஆளுக்கொண்ணு, வுடும்மா." தொண்ணூறுகளில் ஓய்வு பெறும் வரை எங்கள் பஸ்தான் ஓட்டினார். அவருக்கு ஓய்வு விழா எடுக்கலாமா என்று கேட்டபோது இரண்டு கைகளையும் கூப்பினார். "மேனேஜரக் கூப்டாத இருந்தாச் செய்யுங்கோ."

தகர போர்டு

ஆனால் நான் சொல்ல வந்த காலை, அவர்கள் திரும்பி வருவதற்கு முன்னால் வந்தது.

டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஒரு இரும்புக் குழாய், அதன் தலையில் ஒரு தகர போர்டு. பெயின்ட் இன்னும் கையில் ஒட்டியது. பெயர் 'டிரான்ஸ்பார்மர்' என்றே போட்டிருந்தார்கள். வரதராஜன் சார் ஆரத்தித் தட்டு எடுத்து வரலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று எல்லாரும் சேர்ந்து அடக்கினோம்.

நான் பள்ளிக்கூட ஸ்டாப்பிலேயே ஏறி முன்னால் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு வந்த டிரைவர் அதற்கு முன் எங்கள் பக்கம் வந்தே அறியாதவர். முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும். ரத்னா யார், அவள் காலுக்கு என்ன, சைக்கிள் என்ன, விழா என்ன, எதுவும் அவருக்குத் தெரியாது. டிரான்ஸ்பார்மர் நெருங்க நெருங்க நான் சீட்டு நுனிக்கு வந்துவிட்டேன்.

போர்டைப் பார்த்தார். நிறுத்தினார். அவ்வளவுதான்.

ரத்னா படியில் கால் வைத்தாள். காலிப்பர் தகரத்தில் மோதிச் சத்தம் போட்டது. கண்டக்டர் பின்னால் எங்கோ டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். பையை நான் வாங்கிக்கொண்டேன். அவள் கம்பியைப் பிடித்து மேலே வருவதற்குள் டிரைவர் ஹாரனை அடித்தார்.

"ஏறும்மா சீக்கிரம்! காலங்காத்தால எல்லாரும் என் உயிர எடுக்கறதுக்குன்னே வர்றீங்களா? பேஜாராப் போச்சு!"

பஸ் முழுக்கத் தலைகள் டிரைவர் பக்கம் திரும்பின. எனக்கு எழுந்து அந்த மனிதரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது.

ரத்னா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. அழுகிறாளோ என்று பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரையும் திட்ற மாதிரியே என்னையும் திட்டிட்டாருக்கா!"